கப்பல் தரகரின் ஒன்றேகால் சதவீதம்: ஒரு நிலக்கரி இறக்குமதியாளரின் மதிப்புரை

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் வழியாக இந்தோனேசிய நிலக்கரியை இறக்குமதி செய்யும் நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்தில், கப்பல் போக்குவரத்துப் பிரிவை நான் கவனித்து வருகிறேன். நெடுங்காலமாக எங்களுக்கு விற்பவரே கப்பலையும் ஏற்பாடு செய்து, இங்கே கொண்டுவந்து சேர்க்கும் விலையைச் சொல்லிவந்தார். பின்னர் இந்தோனேசியாவின் கலிமந்தான் கடலோரத்திலேயே சரக்கைப் பொறுப்பேற்றுக்கொண்டு, கப்பலை நாங்களே அமர்த்தும் எஃப்.ஓ.பி. முறைக்கு மாறினோம். அப்போதுதான் கப்பல் தரகர் ஒருவரின் சேவை எங்களுக்குத் தேவைப்பட்டது. சென்னையில் இயங்கும் ஒரு சிறிய தரகு அலுவலகத்தை அன்று முதல் பயன்படுத்தி வருகிறோம்; அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. அலுவலகத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இத்தொழிலில் வாடிக்கையாளர் நம்புவது பெரும்பாலும் மேசையில் இருக்கும் ஒருவரைத்தான். அவர் நாளை வேறு நிறுவனத்துக்கு மாறினால் வாடிக்கையாளரும் அவர் பின்னாலேயே போய்விடுவார். ஆகவே பெயர்ப்பலகையைப் பாராட்டுவதால் படிப்பவருக்குப் பெரிய பயன் இராது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவது நல்லது. எங்கள் ஊரில் கப்பல் தொழில் என்றால் உடனே நினைவுக்கு வருபவர் ஏஜென்ட்தான். கப்பல் துறைமுகத்துக்கு வரும்போது அதை நிறுத்தும் இடமான பெர்த்தைக் கேட்பது, சுங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் காகிதங்களைக் கொடுப்பது, மாலுமிகளுக்கு மருத்துவரை அழைத்துச் செல்வது ஆகியவை அவருடைய வேலைகள். தரகர் கப்பலைக் கண்ணால் பார்ப்பதுகூட அரிது. சரக்கு வைத்திருப்பவரையும் கப்பல் வைத்திருப்பவரையும் பேசவைத்து, பேச்சை ஒப்பந்தமாக முடித்து, அந்த ஒப்பந்தம் நிறைவேறிக் கணக்குத் தீரும்வரை இடையில் நிற்பது அவர் வேலை. பழைய கப்பல்களை விற்பதற்கும், ஆயுள் முடிந்தவற்றைக் குஜராத்தின் அலங் உடைப்புத் தளங்களுக்கு அனுப்புவதற்கும், எண்ணெய்க் கப்பல்களுக்கும் தனித்தனித் தரகர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியவர் உலர் சரக்குத் தரகர், அதிலும் சரக்குக்காரர் பக்கம் நிற்பவர்.

ஒரு கப்பலை அமர்த்துவது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் சேவையின் தரத்தை மதிப்பிட முடியும். 50,000 டன் கரி, கலிமந்தான் கடலோரத்தின் தபோனியோ நங்கூரத் தலத்தில் ஏற்றி தூத்துக்குடியில் இறக்க வேண்டும், ஏற்றுவதற்கு நாளொன்றுக்கு 8,000 டன், இறக்குவதற்கு 10,000 டன், கப்பல் வந்து சேரவேண்டிய பத்து நாள் இடைவெளி இன்னது என்று நாங்கள் ஒரு சில வரிகளில் தருகிறோம். தரகர் அதை அப்படியே நூறு பேருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அது மோசமான சேவை. சந்தையில் ஒரே சரக்கு நான்கு வழிகளில் சுற்றிவந்தால், நான்கு சரக்குகள் கப்பல் தேடுகின்றன என்று கப்பல்காரர்கள் எண்ணிக்கொண்டு விலையை ஏற்றிவிடுவார்கள். எங்கள் தரகர் அந்த வாரத்தில் கிழக்குக் கடற்கரையிலோ சிங்கப்பூர் பக்கமோ சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகப்போகும் சுப்ராமேக்ஸ் என்னும் நடுத்தர அளவுக் கப்பல்கள் எவை என்று பார்த்து, ஆறேழு கப்பல்காரர்களிடம் மட்டும் பேசுவார். எந்தக் கப்பலுக்கு அடுத்த வேலை இன்னும் கிடைக்கவில்லை, எந்த உரிமையாளருக்கு இந்தியக் கடற்கரைக்கு வருவதில் விருப்பமில்லை என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

பிறகு பேரம் தொடங்குகிறது. சிங்கப்பூரின் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், காலையில் நாங்கள் அலுவலகம் வருவதற்குள் அங்கே பாதிப் பேச்சு முடிந்திருக்கும். டன்னுக்கு எத்தனை டாலர் என்பதுடன் பேரம் நின்றுவிடுவதில்லை. ஏற்றும் அளவில் பத்து சதவீதம் கூட்டவோ குறைக்கவோ உரிமை யாருக்கு என்ற ஒரு வரியைப் பாருங்கள். அந்த உரிமை கப்பல்காரரிடம் இருந்தால், 50,000 டன் என்று பேசியது 55,000 ஆகவும் ஆகலாம், 45,000 ஆகவும் ஆகலாம். கட்டணம் நன்றாக இருந்தால் அவர் கூடுதலாக ஏற்றவே பார்ப்பார், நாங்களோ வாங்காத கரிக்கு அலைய வேண்டும். முதல் ஒப்பந்தத்திலேயே எங்கள் தரகர் இதை ஐந்து சதவீதமாகக் குறைத்து, உரிமையையும் எங்கள் பக்கம் திருப்பினார். டன்னுக்கு முப்பது சென்ட் குறைத்துக் கொடுத்திருந்தால்கூட நான் அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டேன்.

விலையும் முக்கிய நிபந்தனைகளும் ஒத்துப்போனதும், இரு தரப்புத் தரகர்களும் சேர்ந்து ரீகேப் என்ற மின்னஞ்சலைத் தயாரிக்கிறார்கள். ஒப்புக்கொண்டவை அனைத்தும் அதில் வரிசையாக இருக்கும். கூடவே சப்ஜெக்ட்டுகள் எனப்படும் இன்னும் தீராத நிபந்தனைகளும் இருக்கும். சரக்கனுப்புநர் இந்தக் கப்பலை ஏற்க வேண்டும், எங்கள் நிர்வாகம் ஒப்புதல் தர வேண்டும் என்பன போன்றவை அவை. இங்கிலாந்துச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலிலிருந்து சீனாவுக்குக் கரி ஏற்றப் பேசிய ஒரு கப்பல் தொடர்பாக 2022-இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கனுப்புநர், பெறுநர் ஒப்புதலுக்கு உட்பட்டது என்ற சப்ஜெக்ட் விலக்கப்படாதவரை ஒப்பந்தமே இல்லை, அதிலுள்ள நடுவர் தீர்ப்பு விதியும் இல்லை என்று அது கூறியது. மறுபுறம், தரகரின் மின்னஞ்சலுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு நம் நாட்டுத் தொடர்புள்ள வழக்கே இருக்கிறது. கோவாவைச் சேர்ந்த ஒரு சுரங்க நிறுவனம் பத்தாண்டுச் சார்ட்டர் (கப்பலை அமர்த்தும் ஒப்பந்தம்) ஒன்றுக்கு உத்தரவாதம் கொடுத்ததா என்ற வழக்கில், தனி ஆவணம் எதுவும் கையெழுத்தாகவில்லை. தரகர்கள் வழியாகப் போய்வந்த மின்னஞ்சல் தொடரே உத்தரவாதங்களுக்கு இங்கிலாந்தின் 1677-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் எழுத்து ஆவணமாகும் என்றும், கடைசி அஞ்சலின் கீழே தரகர் தட்டச்சு செய்த தம் பெயரே கையொப்பமாகும் என்றும் அதே நீதிமன்றம் 2012-இல் முடிவு செய்தது. ஆகவே தரகர் அவசரத்தில் அடிக்கும் ஒரு வரி உங்கள் நிறுவனத்தைக் கட்டிப்போடக்கூடும். எங்கள் தரகர் எங்களிடம் எழுத்தில் பதில் பெறாமல் எதையும் எதிர்த்தரப்புக்கு அனுப்பியதில்லை. இதை அவருடைய முதல் தகுதியாகக் கருதுகிறேன்.

இனி விலை. உலர் சரக்குச் சந்தையில் ஒவ்வொரு தரகருக்கும் கப்பல் கட்டணத்தில் 1.25 சதவீதம் என்பது நெடுநாள் வழக்கம். எடுத்துக்காட்டாக, டன்னுக்கு 12 டாலர் வீதம் 50,000 டன் என்றால் கட்டணம் 6,00,000 டாலர். ஒரு தரகரின் பங்கு 7,500 டாலர். இந்தத் தொகையைக் கட்டணம் பெறும் கப்பல்காரர்தான் கொடுக்கிறார், நாங்கள் தனியாக எதுவும் கொடுப்பதில்லை. அதனால் சேவை இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. கப்பல்காரர் இந்தக் கழிவையும், சரக்குக்காரர் கட்டணத்தில் தமக்கெனக் கேட்கும் தள்ளுபடியான முகவரிக் கமிஷனையும் சேர்த்துப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். தரகர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தரப்பல்ல என்றாலும் அவருடைய கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கப்பலை பிரெஞ்சு அரசு கையகப்படுத்திக்கொண்டதால் பயணமே நடக்காமல் போன ஒரு சார்ட்டரிலும் தரகருக்குக் கமிஷன் உண்டு என்று அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1919-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

7,500 டாலருக்கு என்ன கிடைக்கிறது? கப்பலைத் தேடிப் பிடிப்பதற்கு மட்டும் என்றால் இது அதிகம் என்றே சொல்வேன். காலியாகும் கப்பல்களின் பட்டியல் இன்று எத்தனையோ இணையத் தளங்களில் கிடைக்கிறது. கப்பல் எங்கே நகர்கிறது என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ரீகேப் அனுப்பிய பிறகு அவர் செய்யும் வேலையில்தான் இந்தப் பணத்தின் மதிப்பு இருக்கிறது. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

தபோனியோவில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. நடுக்கடலில் நங்கூரமிட்டிருக்க, ஆற்று வழியே வரும் பார்ஜ் என்னும் தட்டைப் படகுகளிலிருந்து மிதக்கும் கிரேன் மூலமாகவோ கப்பலின் சொந்த கிரேன், கிராப் மூலமாகவோ ஏற்றுவார்கள். இந்தோனேசியாவின் தரம் குறைந்த கரி தானே சூடேறும் தன்மை கொண்டது. 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான கரியை ஏற்றக் கூடாது என்பது மொத்தச் சரக்குகளுக்கான சர்வதேச விதிமுறை. ஒருமுறை இரவு நேரத்தில் வந்த ஒரு பார்ஜில் வெப்பம் அந்த எல்லையைத் தாண்டியிருந்ததால் கேப்டன் ஏற்ற மறுத்துவிட்டார். அளவெடுத்தது சரியில்லை என்று சரக்கனுப்புநர் வாதிட, மணிக்கணக்கில் கிரேன்கள் சும்மா நின்றன. எங்கள் தரகர் கப்பல்காரரின் தரகரை அந்த நேரத்திலேயே எழுப்பிப் பேசி, பின்னால் காத்திருந்த குளிர்ந்த பார்ஜை முன்னால் கொண்டுவரச் செய்தார். சர்வேயரைக் கொண்டு மறுபடி அளக்க ஏற்பாடு செய்தார். நின்ற நேரம் யார் கணக்கு என்ற வாதத்தை, இரு தரப்பும் தத்தம் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வரியில் எழுதி ஒத்திவைத்தார். மறுநாள் காலை நான் மின்னஞ்சலைத் திறந்தபோது ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது.

மற்றொன்று நேரக் கணக்கு தொடர்பானது. நாளொன்றுக்கு 8,000 டன் என்றால் 50,000 டன்னை ஏற்ற எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட நேரம் ஆறே கால் நாள். அதைத் தாண்டினால் கப்பல்காரருக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய தாமதக் கட்டணமான டெமரேஜ். முன்னதாக முடித்தால், ஒப்பந்தத்தில் இடமிருந்தால், டெமரேஜ் விகிதத்தில் பாதி டிஸ்பாட்ச் என்ற பெயரில் எங்களுக்குத் திரும்ப வரும். இந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் சண்டை எல்லாம். டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட பிம்கோ என்ற கப்பல் தொழில் அமைப்பின் ஜென்கான் 1994 ஒப்பந்தப் படிவத்தின்படி, கப்பல் தயார் என்ற அறிவிப்பு பகல் 12 மணிக்குள் வந்தால் அன்று பிற்பகல் 1 மணிக்கு நேரம் தொடங்கும். அலுவலக நேரத்தில் 12 மணிக்குப் பிறகு வந்தால் அடுத்த வேலை நாள் காலை 6 மணிக்குத்தான் தொடங்கும். கப்பல்காரர் அனுப்பிய கணக்குத் தாளில் அறிவிப்பு 12 மணிக்குச் சற்று முன்னதாகக் கொடுக்கப்பட்டதாக இருந்தது. எங்கள் தரகர் அந்த மின்னஞ்சலின் மூலக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில், அது ஏஜென்ட்டுக்கு வந்து சேர்ந்தது 12.30 மணிக்குப் பிறகு என்று தெரிந்தது. வித்தியாசம் 17 மணி நேரம். டெமரேஜ் நாளொன்றுக்கு 16,000 டாலர் என்றிருந்த அந்தப் பயணத்தில் அது ஏறத்தாழ 11,300 டாலர். பெர்த் கிடைக்காமல் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும்போதும் அறிவிப்பைக் கொடுக்கலாம் என்ற சொற்றொடர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று இப்போது தூத்துக்குடிப் பக்கத்து நிபந்தனைகளில் முதலில் பார்ப்பது நான்தான். அந்தப் பழக்கம் அவரிடமிருந்து வந்தது.

சந்தை நிலவரத் தகவல் இந்தச் சேவையின் இன்னொரு பகுதி. லண்டனில் 1744-இல் வர்ஜீனியா அண்ட் பால்டிக் என்ற காபிக் கடையில் கூடிய வணிகர்களிடமிருந்து வளர்ந்து, 2016-இல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் கைக்குப் போன பால்டிக் எக்ஸ்சேஞ்ச், தரகர் குழுக்கள் நாள்தோறும் தரும் மதிப்பீடுகளைக் கொண்டு குறியீடுகளை வெளியிடுகிறது. அவற்றில் தென் சீனாவிலிருந்து இந்தோனேசியா வழியாக இந்தியக் கிழக்குக் கடற்கரைக்கு வரும் சுப்ராமேக்ஸ் பயணமும் ஒரு வழித்தடம். எங்கள் தொழிலுக்கு மிக அருகில் உள்ள எண் அதுதான். செய்தித்தாள்களில் வரும் பால்டிக் உலர் சரக்குக் குறியீடு எங்களுக்கு அவ்வளவாக உதவாது, ஏனெனில் அதில் 40 சதவீதம் கேப்சைஸ் என்னும் பெருங்கப்பல்களின் எடை. அந்தக் குறியீடு 2008 மே 20 அன்று 11,793 புள்ளிகளைத் தொட்டது, அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் 663 புள்ளிகளுக்கு வீழ்ந்தது, 2016 பிப்ரவரியில் 290 வரை போனது. இவ்வளவு ஏறி இறங்கும் சந்தையில், இன்றே முடிக்கலாமா இரண்டு நாள் பொறுக்கலாமா என்று சொல்வதற்கு ஆள் வேண்டும். எங்கள் தரகரின் கணிப்பு பல முறை சரியாக இருந்தது, சில முறை பொய்த்தது. எந்தத் தரகரிடமும் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

குறைகளுக்கு வருகிறேன். முடிந்தால்தான் கூலி என்பது இத்தொழிலின் அடிப்படை. ஐந்து பேரங்கள் முறிந்தால் அவருக்கு ஐந்து நாள் உழைப்பு வீண். எனவே கட்டணம் கூடினால் தரகும் கூடும் என்பதைவிட, எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற உந்துதல்தான் ஆபத்தானது. டன்னுக்கு ஒரு டாலர் கூடினால் எங்களுக்கு 50,000 டாலர் நட்டம், அவருக்கு 625 டாலர்தான் லாபம். அதற்காக ஒருவர் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் 'கப்பல் கைநழுவிவிடும்' என்ற பேச்சு வருவதை எங்கள் தரகரிடமும் கேட்டிருக்கிறேன். அந்த மாலைகளில் நான் எதையும் முடிப்பதில்லை.

அதே நேரத்தில் இந்த உந்துதலை அவர் மீறிய ஒரு சமயத்தையும் சொல்லியாக வேண்டும். உள்நாட்டு மின் நிலையங்களுக்குக் கரி போதவில்லை என்று கூறி, 2022 ஜனவரி மாதத்துக்கு இந்தோனேசிய அரசு நிலக்கரி ஏற்றுமதியைத் தடை செய்தது. அறிவிப்பு வந்தது 2021 டிசம்பர் 31 அன்று. எங்களுக்கு அப்போது ஒரு கப்பல் சப்ஜெக்ட்டில் இருந்தது. புத்தாண்டு விடுமுறையில் எங்களில் யாரும் செய்தி பார்க்கும் நிலையில் இல்லாதபோது, தரகரே தொலைபேசியில் அழைத்து, தடையைச் சொல்லி, சப்ஜெக்ட்டை விலக்க வேண்டாம் என்றார். விலக்கியிருந்தால் அவருக்குக் கூலி. எங்களுக்கோ, கரி இல்லாத நங்கூரத் தலத்தில் நிற்கும் கப்பலுக்கு யார் பொறுப்பு என்ற நீண்ட வழக்கு. தன் பணம் போகும் செய்தியைத் தானே முதலில் சொல்லும் தரகர் என்பதால்தான் இன்றுவரை அவரை விட்டு நாங்கள் போகவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. வேறொரு ஊரிலிருந்து இயங்கும் ஒரு தரகர், குறைந்த விலையில் ஒரு கப்பலை உறுதியாகத் தருவதாகச் சொல்லி எங்களை இரண்டு நாள் காக்கவைத்தார். கப்பல்காரரிடமிருந்து அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பது பிறகே தெரிந்தது. அவருக்கும் கப்பல்காரருக்கும் இடையே இன்னும் இரண்டு தரகர்கள் இருந்தார்கள். வீட்டு மனை வாங்கும்போது நடுவில் புகுந்துகொள்ளும் நான்காவது ஆள் போன்றவர் அவர். இல்லாத அதிகாரத்தை இருப்பதாகச் சொன்ன தரகர் மீது வழக்குத் தொடுக்கச் சட்டத்தில் வழி இருந்தாலும், நடுத்தர நிறுவனம் ஒன்றுக்கு அது நடைமுறையில் கட்டுப்படியாகாது. யாரிடமும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, கப்பல்காரருடன் நேரடியாகப் பேசுகிறீர்களா என்பதுதான்.

எங்கள் சென்னை அலுவலகத்தின் மீது எனக்குள்ள உண்மையான புகார் இரண்டு. பேரத்தின் பெரும்பகுதியை அவர்கள் வாட்ஸ்அப்பில் நடத்துகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தகராறு வந்தால், யார் எதை எப்போது ஒப்புக்கொண்டார் என்பதைக் குரல் செய்திகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கிறது. பயணம் முடிந்த பிறகு நேரக் கணக்கைத் தயாரித்துத் தருவதிலும் தாமதம் அதிகம். கப்பல் இருக்கும்வரை இரவு பகலாக உழைப்பவர்கள், கப்பல் புறப்பட்டதும் அடுத்த சரக்கின் பின்னால் போய்விடுகிறார்கள். டெமரேஜ் தகராறில் ஆதாரங்கள் சீக்கிரம் மறைந்துவிடும். ஏஜென்ட் அலுவலகத்தில் ஆள் மாறினாலே பாதி போய்விடும். இதற்காக மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்; ஐந்துக்கு நான்கு.

பெரிய சர்வதேச நிறுவனங்களிடம் போவதா, சிறிய அலுவலகமே போதுமா என்று கேட்பவர்களுக்கு: 1852-இல் லண்டனில் தொடங்கி இன்று உலகின் மிகப்பெரிய தரகு நிறுவனமாக இருக்கும் கிளார்க்சன்ஸ் போன்றவற்றிடம் ஆய்வுத் தகவலும் பல ஊர்களில் ஆட்களும் உண்டு. ஆண்டுக்குப் பல கேப்சைஸ் கப்பல்களை அமர்த்தும் எஃகு ஆலைக்கோ மின் வாரியத்துக்கோ அது பொருந்தும். எங்களைப் போல அவ்வப்போது ஒரு சுப்ராமேக்ஸ் எடுப்பவருடைய சரக்கு அங்கே யாருடைய மேசையில் விழும் என்பது நிச்சயமில்லை. எந்த அளவானாலும் சேர்வதற்கு முன்பு, பேசப்போகும் நபர் 1911-இல் நிறுவப்பட்ட இன்ஸ்டிடியூட் ஆஃப் சார்ட்டர்ட் ஷிப்புரோக்கர்ஸ் அமைப்பின் தேர்வுகளை எழுதியவரா, அலுவலகத்துக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, அதே வாரத்தில் உங்கள் போட்டியாளரின் சரக்கையும் அவரே கையாள்கிறாரா என்பவற்றை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்றுதான் பதில் வரும். அதை மறைக்காமல் சொல்பவரோடு தொழில் செய்யலாம்.

ஆண்டுக்கு ஒரு கப்பலுக்கும் குறைவாகக் கரி வாங்குபவர்களுக்கு இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒப்பந்தப் படிவத்தைப் படிக்கவும், கணக்குத் தாளைச் சரிபார்க்கவும் உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல தரகர் கிடைத்தாலும் அவர் கேட்கும் கேள்விக்கு உரிய நேரத்தில் பதில் சொல்ல ஆள் இராது. அவர்கள் விற்பவரே கொண்டுவந்து சேர்க்கும் விலையில் வாங்குவதைத் தொடர்வதே நல்லது. இறக்கும் துறைமுகத்து டெமரேஜ் விகிதத்தை மட்டும் விற்பனை ஒப்பந்தத்தில் கவனித்துப் பேசிக்கொண்டால் போதும்.